சாலை வளைவும் சரிவும் எங்கே தப்புகின்றன: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒரே இடத்தில் மூன்றாவது வண்டி கவிழ்ந்ததும் அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகை முளைக்கும். நான்காவதுக்கு வேகத்தடை வரும். அளவு எடுப்பது மட்டும் கடைசியில்தான். பல இடங்களில் எடுப்பதே இல்லை. ஆனால் சாலையின் வடிவத்தில் இருக்கும் குறை அளந்தால் மட்டுமே தெரியும். கண்ணுக்குப் படுவதெல்லாம் டயர்த் தடமும் நசுங்கிய தடுப்பு வேலியும்தான். காரணம் பெரும்பாலும் வண்டி வந்த திசையில் 100, 200 மீட்டர் பின்னால் உட்கார்ந்திருக்கும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் தடம் தெரியும் இடத்தில் நிற்காமல் பின்னோக்கி நடந்து போய், ஓட்டுநரின் கண் மட்டத்துக்குக் குனிந்து ஒருமுறை பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: 30 மீட்டர் டேப், 20 மீட்டர் நைலான் கயிறு, 3 மீட்டர் அலுமினியச் சட்டம், ரசமட்டம், ஆட்டோ லெவலும் (உயர வித்தியாசம் பார்க்கும் கருவி) ஸ்டாஃபும் (அதற்கான அளவுகோல்), ஸ்பீடு கன் (வண்டியின் வேகம் காட்டும் கருவி). பளிச்சென்ற மேலங்கியும், வண்டி வருவதைச் சொல்ல ஓர் ஆளும் இல்லாமல் சாலையில் இறங்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்: வண்டிகள் உண்மையில் என்ன வேகத்தில் போகின்றன?

வரைபடத்தில் உள்ள வடிவமைப்பு வேகத்தை நம்பிக் கணக்குப் போட்டால் எல்லாம் சரியாகத்தான் வரும். குறை வெளியே வராது. முன்னால் போகும் வண்டியை ஒட்டிச் செல்லாமல் தன் போக்கில் வரும் வண்டிகளாக நூறு வண்டிகளின் வேகத்தை ஸ்பீடு கன்னில் எடுத்து, ஏறுவரிசையில் அடுக்குங்கள். 85-ஆவது எண்தான் உங்கள் கணக்குக்கு வேண்டிய வேகம். இதை இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும்: வளைவுக்கு முந்தைய நேர்பகுதியில் ஒன்று, வளைவின் நடுவில் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் 10 கி.மீ.க்குள் என்றால் ஓட்டுநருக்கு அந்த வளைவு எதிர்பார்த்ததுதான். 10-லிருந்து 20 வரை என்றால் கவனிக்க வேண்டியது. 20-க்கு மேல் போனால், அந்த வளைவு தனியாகப் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தச் சாலையோடு ஒட்டாத வளைவு.

அறிகுறி: வளைவில் வண்டிகள் வெளிப்பக்கமாக விலகுகின்றன

அதிகம் வரும் புகார் இதுதான். காரணங்களும் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் ஆரத்தை அளக்க வேண்டும். 20 மீட்டர் கயிற்றின் இரு முனைகளையும் சாலையின் வெளிவிளிம்புக் கோட்டின் மேல் இழுத்துப் பிடியுங்கள். கயிற்றின் நடுப்புள்ளியிலிருந்து கோட்டுக்கு எவ்வளவு இடைவெளி என்று டேப்பில் பாருங்கள். கயிற்று நீளத்தின் வர்க்கத்தை அந்த இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம். இடைவெளி 25 செ.மீ. என்றால் 400 ÷ (8 × 0.25) = 200 மீட்டர். ஒரு செ.மீ. கூடக் குறைய அளந்துவிட்டால் விடை 192-க்கும் 208-க்கும் இடையில் ஆடும். ஆகவே ஒரே இடத்தில் எடுத்துவிட்டுப் போகாதீர்கள். வளைவின் தொடக்கத்திலிருந்து 20 மீட்டருக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே போங்கள்.

இப்படி வரிசையாக எடுக்கும்போதுதான் பெரிய வில்லன் மாட்டுவான். இடைவெளி 12, 18, 25, 31 செ.மீ. என்று ஏறிக்கொண்டே போனால், ஆரம் 417, 278, 200, 161 மீட்டர் என்று இறங்குகிறது. வளைவு போகப் போக இறுகுகிறது. ஓட்டுநர் உள்ளே நுழையும்போது பார்த்தது 400 மீட்டர் வளைவு. நடுவில் அவர் கையில் இருப்பது 160 மீட்டர் வளைவு. பழைய சாலையை அப்படியே அகலப்படுத்திய இடங்களில் இது சகஜம். இதற்குப் பலகை வைத்துப் பயனில்லை, வளைவை ஒரே ஆரத்துக்குத் திருத்தி வரைய வேண்டும். முழுதாக முடியாவிட்டாலும், ஷோல்டர் (தார்ப்பரப்பை ஒட்டிய சாலையோரப் பட்டை) அகலம் இருக்கும் பக்கம் விளிம்புக் கோட்டை மாற்றி வரைந்தே பாதிச் சீரற்ற தன்மையைப் போக்கிவிடலாம்.

அடுத்தது சூப்பர் எலிவேஷன், அதாவது வெளிவிளிம்பை உயர்த்திச் சாலையை உள்பக்கம் சாய்ப்பது. 3 மீட்டர் சட்டத்தைச் சாலைக்குக் குறுக்கே வைத்து, தாழ்ந்த முனையைத் தூக்கி ரசமட்டம் சமமாகும்போது அடியில் எவ்வளவு இடைவெளி என்று அளங்கள். 12 செ.மீ. என்றால் 4 சதவீதம். உள் லேன், வெளி லேன் இரண்டிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே சரிவில் இருக்கும் என்று நினைப்பதுதான் தவறு.

இப்போது கணக்கு. வேகத்தின் வர்க்கத்தை 127 × ஆரத்தால் வகுத்தால், அந்த வளைவு கேட்கும் மொத்தப் பக்கவாட்டுப் பிடிப்பு கிடைக்கும். அதில் ஒரு பங்கைச் சாய்வு தருகிறது, மீதியை டயருக்கும் தார்ப்பரப்புக்கும் இடையிலான உராய்வு தர வேண்டும். 85-ஆவது வேகம் 80 கி.மீ., ஆரம் 200 மீட்டர் என்றால் 6400 ÷ 25,400 = 0.252. சாய்வு தருவது 0.04. உராய்வு தர வேண்டியது 0.212.

வடிவமைப்பில் எவ்வளவு உராய்வை எடுத்துக்கொள்ளலாம்? அமெரிக்காவின் நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கமான ஆஷ்டோ 60 கி.மீ. வேகத்துக்கு 0.17, 80-க்கு 0.14, 100-க்கு 0.12, 120-க்கு 0.09 என்று வேகம் கூடக் கூடக் குறைத்துக்கொண்டே போகிறது. இந்தியாவில் சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் எல்லா வேகத்துக்கும் 0.15 என்று வைத்திருக்கிறது. எதை எடுத்தாலும் 0.212 அதிகம். காய்ந்த தரையில் டயர் இதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்த எண்கள் டயர் விட்டுக்கொடுக்கும் எல்லையல்ல, ஓட்டுநர் அசௌகரியம் இல்லாமல் திருப்பக்கூடிய எல்லை. அதற்கு மேல் இருப்பது, மழையும் தேய்ந்த டயரும் சேரும் நாளுக்காக ஒதுக்கி வைத்த மீதி. அதைச் சாதாரண நாளிலேயே செலவழித்துவிடக் கூடாது.

சாய்வை 7 சதவீதத்துக்கு உயர்த்தினால்? உராய்வுத் தேவை 0.182-க்கு இறங்கும். இன்னும் அதிகம்தான். 7 சதவீதச் சாய்வும் 0.14 உராய்வும் 80 கி.மீ.க்குப் போதுமானதாக இருக்க ஆரம் 240 மீட்டர் வேண்டும். ஆரத்தை மாற்ற நிலம் இல்லையென்றால் இந்த வளைவு 80-க்கானது இல்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை: இப்போதுள்ள 4 சதவீதச் சாய்வில் சுமார் 70 கி.மீ., 7 சதவீதமாக்கினால் சுமார் 75 கி.மீ. சாய்வைத் திருத்துவதால் கிடைப்பது இந்த 5 கி.மீ. மட்டுமே.

அதற்கு ஆகும் பொருளையும் பார்த்துக்கொள்ளுங்கள். 7 மீட்டர் அகலச் சாலையில் உள்விளிம்பை அசைக்காமல் 4-லிருந்து 7 சதவீதமாக்க வெளிவிளிம்பு 21 செ.மீ. உயர வேண்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 0.74 கன மீட்டர் கலவை, 120 மீட்டர் வளைவுக்கு 88 கன மீட்டர். இரு முனையிலும் படிப்படியாகச் சேர்க்கும் பகுதி தனி. வெளி ஷோல்டரும் வடிகாலும் தடுப்பு வேலியும் அதே அளவு உயர வேண்டும் என்பதை எஸ்டிமேட்டில் மறந்துவிட்டால் வேலை நடுவில் நிற்கும்.

இன்னொரு காரணம், வெளி லேன் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பது. நேர்சாலைக்கான 2.5 சதவீதக் கேம்பர், அதாவது நடுவிலிருந்து இரு விளிம்புக்கும் சரியும் சரிவு, வளைவிலும் அப்படியே தொடர்ந்தால், வெளி லேனில் அது எதிர்மறைச் சாய்வு. மேலே போட்ட அதே கணக்கில் உராய்வுத் தேவை 0.277 ஆகிவிடும். உள் லேனில் வரும் வண்டிகளுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு திசையில் மட்டும் விபத்து என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

சறுக்கல் தடம் இல்லாமல் லாரி மட்டும் கவிழ்கிறதா? அது வேறு நோய். உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரி, டயர் வழுக்கும் முன்பே, புவியீர்ப்பில் 0.35 முதல் 0.4 மடங்கு பக்கவாட்டு விசைக்கே கவிழக்கூடும். கார் பெரும்பாலும் வழுக்கித்தான் போகும். ஆகவே தேய்ந்த பரப்பைச் சொரசொரப்பாக்கினால் கார்ப் பிரச்சினை குறையும், லாரிப் பிரச்சினை அப்படியே இருக்கும். லாரிக்கு வேகம், சாய்வு, ஆரம் ஒரே சீராக இருப்பது, இவை மட்டுமே மருந்து. சுற்றி இறங்கும் இணைப்புச் சாலைகளில் இந்த நோய் அதிகம், அங்கே பிரேக்கும் திருப்பமும் ஒன்றாக வருவதால்.

சாய்வைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. பனி உறையும் இடங்களில் 8 சதவீதத்துக்கு மேல் போனால் நின்ற வண்டி உள்பக்கம் சறுக்கும். மெதுவாகப் போகும் பாரவண்டிகள் நிறைய உள்ள சாலையில் 7 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அறிகுறி: வளைவின் வாசலிலேயே வண்டி தடுமாறுகிறது, லேன் மாறிப் போகிறது

நேர்கோடு முடிந்து வட்ட வளைவு நேராகத் தொடங்கினால், ஸ்டியரிங்கை ஒரு நொடியில் முழுக்கத் திருப்ப வேண்டும். யாராலும் முடியாது. அதனால் ஓட்டுநர் பக்கத்து லேனைக் கடன் வாங்கித் தனக்கென்று ஒரு டிரான்சிஷன் வளைவை, அதாவது நேர்கோட்டிலிருந்து வட்டத்துக்குப் படிப்படியாக இறுகும் இணைப்பைத் தானே போட்டுக்கொள்கிறார். வளைவின் தொடக்கத்தில் நடுக்கோட்டுப் பெயின்ட் மட்டும் தேய்ந்து போயிருந்தால் அதுதான் சாட்சி.

தேவையான நீளம்: வேகத்தின் கனத்தை 0.0215-ஆல் பெருக்கி, ஆரத்தாலும், பக்கவாட்டு முடுக்கம் மாறும் வீதத்தாலும் வகுக்க வேண்டும். அந்த வீதம் 80 ÷ (75 + வேகம்), ஆனால் 0.5-க்குக் குறையக் கூடாது, 0.8-ஐத் தாண்டக் கூடாது. 70 கி.மீ., 200 மீட்டர் ஆரத்துக்கு வீதம் 0.55, நீளம் 67 மீட்டர்.

இதோடு இன்னொரு சோதனை. சாய்வு ஏறும்போது விளிம்பு நடுக்கோட்டைவிட 150-க்கு 1 என்ற வீதத்துக்கு மேல் உயரக் கூடாது; மலைச்சாலையில் 60-க்கு 1 வரை விடலாம். 7 மீட்டர் சாலையை நடுக்கோட்டில் சுழற்றி 7 சதவீதம் கொடுத்தால் வெளிவிளிம்பு 24.5 செ.மீ. உயரும், 37 மீட்டர் போதும். இரண்டில் பெரியது 67, ஆக 70 மீட்டர் வையுங்கள்.

டிரான்சிஷன் இருந்தும் தடுமாற்றம் என்றால், வளைவு ஓரிடத்திலும் சாய்வு வேறிடத்திலும் தொடங்குகிறதா என்று லெவல் எடுத்துப் பாருங்கள். செயினேஜ் (சாலை நெடுகக் குறிக்கும் தூரக் கணக்கு) 20 மீட்டர் தள்ளிப் போட்டுவிட்ட வேலைகள் எவ்வளவோ உண்டு.

அறிகுறி: மழை பெய்தால் மட்டும், அதுவும் ஒரே இடத்தில், வழுக்குகிறது

வளைவின் நடுவில் அல்ல, வளைவுக்கு முன்னாலோ பின்னாலோ வழுக்கினால் காரணம் ஏறத்தாழ உறுதி: சாய்வு பூஜ்யமாகும் இடம்.

வெளி லேன் நேர்சாலையில் வெளிப்பக்கம் 2.5 சதவீதம் சரிந்திருக்கிறது. வளைவில் அது உள்பக்கம் சரிய வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நடுவில் ஓரிடத்தில் சாலை குறுக்கே தட்டையாகிறது. அங்கே தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் நிற்கிறது, அல்லது ஒரு விளிம்புக்குப் புறப்பட்டு, திசை மாறி, மூலைவிட்டமாக எல்லா லேன்களையும் கடந்து மறு விளிம்புக்குப் போகிறது. எவ்வளவு நீளம்? 3.5 மீட்டர் அகல லேன் ஒன்றை 150-க்கு 1 வீதத்தில் சுழற்றினால், குறுக்குச் சரிவு அரை சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் பகுதி 5 மீட்டர்தான். அதையே மூன்று லேன், 10.5 மீட்டர், ஒன்றாகச் சுழற்றினால் கிட்டத்தட்ட 16 மீட்டர். சாலையை அகலப்படுத்திய பிறகு மழை விபத்து தொடங்கியது என்று வரும் புகாருக்கு விளக்கம் இந்த எண்ணில் இருக்கிறது.

மழை விட்ட பத்து நிமிடத்தில் போய் நில்லுங்கள். மற்ற இடமெல்லாம் காயத் தொடங்கும்போது அந்தத் துண்டு மட்டும் கண்ணாடிபோல் வானத்தைக் காட்டும். மழை இல்லாத நாளில் இரண்டு வாளித் தண்ணீரை நடுக்கோட்டருகே ஊற்றி எங்கே போகிறது என்று சாக்பீஸால் பின்தொடருங்கள். தண்ணீர் விளிம்பைத் தொடாமல் சாலையின் நீளவாக்கில் 10 மீட்டருக்கு மேல் ஓடினால் இடம் உறுதி.

திருத்தம், சுலபத்திலிருந்து கடினத்துக்கு: அந்தத் துண்டில் மட்டும் சரிவு மாறும் வீதத்தைக் கூட்டி, தட்டையான நீளத்தைச் சுருக்கலாம். அகலச் சாலையில் குறுக்கே பிளவு வடிகால் ஒன்றைப் பதிக்கலாம். ஓவர்லே (பழைய பரப்பின் மேல் புதுத் தார் அடுக்கு) போடும் சமயமாக இருந்தால், தட்டையான இடம் நீளவாக்குச் சரிவு உள்ள பகுதிக்கு நகரும்படி டிரான்சிஷனை முன்பின் தள்ளலாம். எந்த வழியானாலும் அந்த இடத்தில் நீளவாக்குச் சரிவு குறைந்தது 0.5 சதவீதம் இருக்க வேண்டும். சமதரைச் சாலை, அதில் ஒரு வளைவு, இரண்டும் சேர்ந்தால் இந்தக் குறை வரைபட மேசையிலேயே பிறந்துவிடும்.

மேட்டு உச்சியில் வழுக்கினால் வேறு கணக்கு. செங்குத்து வளைவு, அதாவது ஏற்றத்தையும் இறக்கத்தையும் இணைக்கும் வளைவு, மிக நீளமாக இருந்தால் உச்சியருகே சாலை நெடுந்தூரம் தட்டையாகக் கிடக்கும். சரிவு 1 சதவீதம் மாற 51 மீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வளைவுகளில், உச்சியிலிருந்து 15 மீட்டர் தள்ளியும் சரிவு 0.3 சதவீதத்தை எட்டாது. ஓரத்தில் கர்ப் கல் வைத்த சாலை என்றால் தண்ணீர் தேங்கும். பார்வைக்கு நல்லது வடிகாலுக்குக் கெடுதலாகும் இடம் இது.

அறிகுறி: மேட்டைத் தாண்டியதும் திடீர் பிரேக், பின்னால் மோதல்

ஓட்டுநர் கண்ணால் பார்த்து நிற்கத் தேவையான தூரம் இரண்டு துண்டு. யோசித்துப் பிரேக்கை மிதிக்கும் 2.5 நொடியில் போகும் தூரம் ஒன்று: வேகம் × 0.278 × 2.5. பிரேக் பிடித்தபின் போகும் தூரம் மற்றொன்று: வேகத்தின் வர்க்கம் ÷ (254 × 0.35). 80 கி.மீ.க்கு 56 + 72 = 128 மீட்டர். 100 கி.மீ.க்கு 182. இறக்கமாக இருந்தால் சரிவை 0.35-இலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்; 5 சதவீத இறக்கத்தில் 80 கி.மீ.க்கு இன்னும் 12 மீட்டர் கூடும்.

களத்தில் பார்க்கும் முறை எளிது. ஒருவர் கண்ணை 1.2 மீட்டர் உயரத்தில் வைத்து ஏற்றத்தில் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் 15 செ.மீ. உயரத்தில் சிவப்பு அடையாளம் போட்ட கோலுடன் உச்சியைத் தாண்டி நடக்கிறார். அடையாளம் மறையும் இடத்தில் நிறுத்தி, இருவருக்கும் இடையே டேப்பில் அளங்கள். உட்கார்ந்தவர் 10 மீட்டர் முன்னேறி மறுபடி. கிடைத்த தூரங்களில் மிகக் குறைந்ததே அந்த மேட்டின் பார்வைத் தூரம். ஆஷ்டோ முறையில் கண் 1.08 மீட்டர், பொருள் 0.6 மீட்டர், அதாவது முன்வண்டியின் பின்விளக்கு. எந்த முறையில் வடிவமைத்தார்களோ அதே முறையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

3 சதவீத ஏற்றமும் 2 சதவீத இறக்கமும் சந்தித்தால் மாற்றம் 5 சதவீதம். 128 மீட்டர் பார்வைக்கு வளைவு நீளம் 0.05 × 128 × 128 ÷ 4.4 = 186 மீட்டர். 4.4 என்ற எண் 1.2, 0.15 மீட்டர் உயரங்களிலிருந்து வருவது. ஆஷ்டோ உயரங்களுக்கு அது 6.58. அங்கே 100 மீட்டர் வளைவுதான் போட்டிருக்கிறார்கள் என்றால் பார்வை 94 மீட்டர், அது 65 கி.மீ. வேகத்துக்கே போதும். உச்சியைச் செதுக்கி இறக்குவது செலவு பிடித்த வேலை. அதற்கு முன் உச்சிக்குப் பின்னால் வண்டியை நிற்கவைப்பது எது என்று பாருங்கள். கிளைச்சாலையோ, யூ டர்ன் இடைவெளியோ, பேருந்து நிறுத்தமோ இருந்தால் அதை 150 மீட்டர் நகர்த்துவது மேட்டை வெட்டுவதைவிட மலிவு.

பின்னால் மோதல் இல்லாமல் வண்டி உச்சிக்குப் பிறகு சாலையை விட்டே போகிறதென்றால், உச்சிக்கு அப்பால் வளைவு ஒளிந்திருக்கிறது. உச்சியை நோக்கி ஏறும் ஓட்டுநருக்கு வானம்தான் தெரிகிறது. சாலை நேராகப் போகிறது என்று நினைத்துக்கொள்கிறார். கிடைமட்ட வளைவு உச்சிக்கு முன்பே தொடங்கி, ஓட்டுநருக்குத் திருப்பம் கண்ணில் பட்டுவிட வேண்டும். வடிவமைப்பில் விட்டுவிட்டால் களத்தில் செய்யக்கூடியது, வளைவைக் காட்டும் வெளிப்பக்கப் பிரதிபலிப்புக் கம்பங்களை உச்சிக்கு மேல் தலை தெரியும் உயரத்தில் நடுவது.

அறிகுறி: பள்ளத்தில் இரவு விபத்து மட்டும்

ஹெட்லைட் வெளிச்சம் ஏறும் சாலையில் மோதி அங்கேயே நின்றுவிடுகிறது. பள்ளத்தின் செங்குத்து வளைவுக்குத் தேவையான நீளம்: சரிவு மாற்றம் × பார்வைத் தூரத்தின் வர்க்கம் ÷ (1.5 + 0.035 × பார்வைத் தூரம்). 5 சதவீத மாற்றம், 128 மீட்டர் என்றால் 137 மீட்டர். நீட்ட முடியாத இடத்தில் தெருவிளக்கு நேரடியான தீர்வு. பள்ளத்தின் அடியில் தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்றும் கையோடு பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: வளைவுக்கு உள்ளே நிற்கும் வண்டி கடைசி நொடியில்தான் தெரிகிறது

உள்பக்கம் எவ்வளவு வெளி வேண்டும் என்பதற்குப் பார்வைத் தூரத்தின் வர்க்கத்தை எட்டு மடங்கு ஆரத்தால் வகுங்கள். உள் லேனின் நடுவிலிருந்து அந்த அளவுக்கு மறைப்பு இருக்கக் கூடாது. 200 மீட்டர் ஆரம், 70 கி.மீ. என்றால் பார்வைத் தூரம் 104, வெளி 6.8 மீட்டர். செடி, மண்மேடு, விளம்பரப் பலகை என்றால் அகற்றுவதோடு வேலை முடிந்தது. செடி மீண்டும் வளரும். ஒரு மீட்டர் கூடுதலாகவே வெட்டுங்கள்.

நடுவில் தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்த சாலைகளில்தான் இது பெரிய வம்பு. நடுச்சுவரை ஒட்டிய லேன், சுவர் உள்பக்கமாக அமையும் வளைவில், சுவரையே மறைப்பாகப் பெறுகிறது. லேன் நடுவிலிருந்து விளிம்புக்கு 1.75 மீட்டர், அங்கிருந்து சுவருக்கு 0.75 மீட்டர், மொத்தம் 2.5 மீட்டர். 100 கி.மீ.க்கு வேண்டிய பார்வைத் தூரம் 182. இந்த 2.5 மீட்டர் போதுமானதாக இருக்க ஆரம் 1,650 மீட்டர் வேண்டும்! அதே வேகத்துக்குச் சாய்வும் உராய்வும் மட்டும் பார்த்தால் 414 மீட்டர் ஆரமே சட்டப்படி சரி. 500 மீட்டர் ஆர வளைவு ஒன்று எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டு, சுவர் வைத்த அன்றிலிருந்து குருட்டு வளைவாவது இப்படித்தான். உள் ஷோல்டரை அகலப்படுத்திச் சுவரை நகர்த்துவது முதல் வழி. சுவரை மறுதிசைச் சாலைப் பக்கம் சற்றுத் தள்ளலாம், அங்கே அது வளைவின் வெளிப்பக்கம் என்பதால் பார்வை கெடாது. சுவருக்கு மேல் கண்கூச்சத் தடுப்புத் தட்டிகள் வைத்திருந்தால் வளைவில் அவற்றை முதலில் கழற்றுங்கள்.

அறிகுறி: சாலை உடைந்ததுபோல் தெரிகிறது, ஓட்டுநர்கள் காரணமில்லாமல் வேகம் குறைக்கிறார்கள்

சிறிய திருப்பத்துக்குச் சிறிய ஆரம் போட்டால் வளைவு கண்ணுக்கு முறிவாகத் தெரியும். 5 பாகைத் திருப்பத்துக்கு 400 மீட்டர் ஆரம் போட்டால் வளைவு 35 மீட்டர்தான். குறைந்தது 150 மீட்டர் நீளமாவது வேண்டும், அதற்கு ஆரம் சுமார் 1,720 மீட்டர். திருப்பம் ஒவ்வொரு பாகை குறையும்போதும் நீளத்தை 30 மீட்டர் கூட்டுங்கள். இதே குடும்பத்தில் இன்னொன்று: ஒரே பக்கம் திரும்பும் இரு வளைவுகளுக்கு நடுவே குட்டையாக ஒரு நேர்த்துண்டு. அதை எடுத்துவிட்டு ஒரே பெரிய வளைவாக்கினால் வேலையும் குறைவு.

அறிகுறி: உள்பக்க ஷோல்டர் மட்டும் உடைந்துகொண்டே இருக்கிறது

லாரியின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போவதில்லை, உள்ளே இழுக்கும். ஒரு லேனுக்கு எவ்வளவு என்றால், அச்சு இடைவெளியின் வர்க்கம் ÷ இரு மடங்கு ஆரம்: 6 மீட்டர் அச்சு, 50 மீட்டர் ஆரம் என்றால் 36 செ.மீ. ஓட்டுநர் வளைவில் கூடுதலாக விடும் இடைவெளிக்கு வேகத்தை 9.5 × ஆரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துச் சேருங்கள். இரண்டு லேன், 100 மீட்டர் ஆரம், 50 கி.மீ. என்றால் மொத்தம் 90 செ.மீ. கூடுதல் அகலம். அதை உள்பக்கம் தார் போட்டே கொடுங்கள். ஜல்லி கொட்டி ஷோல்டரைச் சரிசெய்தால் அடுத்த மழைக்கு மறுபடி அதே வேலை.

அறிகுறி: ஏற்றத்தில் நீண்ட வரிசை, இறக்கத்தில் பிரேக் கருகும் வாடை

ஏற்றத்தில் சரிவு எத்தனை சதவீதம் என்பதோடு அது எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதும் முக்கியம். பாரலாரியின் வேகம் ஏற்றத்தின் அடியிலிருந்து 15 கி.மீ. குறையும் புள்ளியைக் கண்டுபிடித்து, கூடுதல் ஏறு லேனை அங்கே தொடங்குங்கள். முடிவு உச்சியில் வேண்டாம். லாரி வேகம் பிடித்த பிறகு, பார்வை நன்றாக இருக்கும் இடத்தில். உச்சியிலேயே லேனை முடித்தால் மோதல் அங்கே இடம் மாறும், அவ்வளவுதான்.

இறக்கத்தில் பிரேக் போன லாரிக்குத் தப்பிப் பாதை போடும்போது படுகையில் உருண்டை வடிவ, ஒரே அளவுக் கூழாங்கல்லே வேண்டும். உடைத்த ஜல்லி ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கெட்டியாகிவிடும், சக்கரம் புதையாது. ஆழம் 0.9 மீட்டருக்குக் குறையாமல். நுழையும் இடத்தில் 75 மி.மீ.யில் தொடங்கி முதல் 30 முதல் 60 மீட்டருக்குள் முழு ஆழம். அடியில் வடிகால் இல்லாவிட்டால் மண் அடைத்து இறுகிப்போகும்.

அறிகுறி: கிளைச்சாலையிலிருந்து ஏறும் வண்டி மோதப்படுகிறது

நின்று எட்டிப் பார்க்கும் கார் ஓட்டுநருக்கு எதிர்வரும் போக்குவரத்தைக் கடந்து திரும்ப 7.5 நொடி இடைவெளி வேண்டும். பிரதான சாலையில் 80 கி.மீ. என்றால் 167 மீட்டர் வரை தெரிய வேண்டும். நீளமான டிரெய்லருக்கு 11.5 நொடி, 256 மீட்டர். இரு சாலையும் சந்திக்கும் கோணம் 60 பாகைக்குக் கீழே போனால் ஓட்டுநர் கழுத்தை முழுக்கத் திருப்பினாலும் தன் வண்டியின் தூண்தான் தெரியும். கிளைச்சாலையின் கடைசிப் பகுதியை வளைத்துச் செங்கோணத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: ஓவர்லே போட்ட பிறகு புதிதாக விபத்து

பளபளவென்று புதுச்சாலை, ஆனால் விபத்து கூடியிருக்கிறது. வேகம் கூடியது ஒரு காரணம். மற்ற மூன்றை அளந்து பாருங்கள். பேவரில் (தார்க் கலவையைப் பரப்பும் இயந்திரம்) ஒரே சரிவை அமைத்து வளைவு முழுக்க ஓட்டியிருந்தால் பழைய சூப்பர் எலிவேஷன் கரைந்திருக்கும். 10 மீட்டருக்கு ஒன்றாகச் சட்டம் வைத்து, பழைய லெவல் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஷோல்டரை உயர்த்தாமல் விட்டிருந்தால் விளிம்பில் படி விழுந்திருக்கும். 5 செ.மீ.க்கு மேல் செங்குத்துப் படி இருந்தால், இறங்கிய சக்கரத்தை ஏற்ற ஓட்டுநர் ஸ்டியரிங்கை வெட்டுவார், டயர் படியைத் தாண்டிய கணத்தில் வண்டி எதிர் லேனுக்குப் பாயும். ஷோல்டர் நிரப்பும் வரை காத்திருக்காமல், தார் போடும்போதே விளிம்பை 30 பாகைச் சரிவாக அழுத்திவிட்டால் இந்தப் பாய்ச்சல் பெருமளவு குறையும். மூன்றாவது, தடுப்பு வேலி. 8 செ.மீ. ஓவர்லே போட்டால் வேலியின் உயரம் 8 செ.மீ. குறைந்துவிட்டது என்று அர்த்தம். வேலியின் மேல் விளிம்பை மண்ணிலிருந்து அளக்காமல் புதிய தார்ப்பரப்பிலிருந்து அளங்கள், குறைந்திருந்தால் கம்பத்தில் பட்டையை ஏற்றிப் பொருத்துங்கள்.